பெயரை மறைக்கும் சட்டம், செயலை மன்னிக்கும் சினிமா

தமிழ்ப் படங்களில் ஒரு காலத்தில் உச்சக்காட்சி என்றால் யாராவது ஒருவர் ஒட்டுத்தாடியைப் பிய்த்து எறிந்தாக வேண்டும். அதுவரை கொள்ளைக் கூட்டத்தின் எடுபிடியாகவோ கோமாளியாகவோ சுற்றிக்கொண்டிருந்தவர், தான் சி.ஐ.டி. அதிகாரி என்பார், ஜீப்பில் போலீஸ் வந்து இறங்கும், வில்லன் கையில் விலங்கு விழும். ‘ரகசிய போலீஸ் 115’ (1968), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) என்று தலைப்பிலேயே ஆளைக் காட்டிக்கொடுத்த படங்களும் அந்தக் காலத்தவைதான். ஒட்டுத்தாடி போய்விட்டது, காட்சி போகவில்லை. 2007 பொங்கலுக்கு வந்த ‘போக்கிரி’யில் கூலிக்கு அடிக்கும் ரவுடி, ஐ.பி.எஸ். அதிகாரியாக மாறினார். 2022இல் ‘விக்ரம்’ படத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்மணி ‘ஏஜென்ட் டீனா’ என்று தெரியவந்தபோது திரையரங்குகளில் விசில் பறந்தது. இந்தக் காட்சி இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்குத் திருப்பம் தரும் திடுக்கிடல் மட்டும் காரணமல்ல. அதற்கு வேறொரு வேலையும் இருக்கிறது. அதுவரை அந்த ஆள் செய்த அடிதடி, கொலை அத்தனைக்கும் ஒரே நொடியில் மன்னிப்பு வழங்குகிற வேலை. இந்தியச் சட்டம் நேர்மாறான வழியில் போகிறது. உளவு சொன்னவரின் பெயரை அது மறைத்துத் தரும். செய்த குற்றத்தை மன்னிக்காது. சினிமாவோ பெயரை ஊரறிய அறிவித்துவிட்டு, செயலை மன்னித்துவிடுகிறது. இந்த இடைவெளிக்குள் நேராக இறங்கிப் பார்த்த பெரிய தமிழ்ப் படம் என்று ‘குருதிப்புனல்’ (1995) ஒன்றைத்தான் சொல்ல முடிகிறது.

முதலில் ‘போக்கிரி’யைப் பார்த்துவிடலாம். புரி ஜெகந்நாத்தின் தெலுங்குப் படத்தைப் பிரபுதேவா தமிழில் எடுத்தார். பிறகு அவரே இந்தியில் ‘வான்டட்’ என்று எடுத்தார். மூன்று மொழிகளிலும் ஓடிய கதை என்பதால் நம் ரசனையின் பொதுக்கூறு எதுவோ அதில் இருக்கிறது. தமிழ் என்கிற அந்த ரவுடி பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைக் கொல்கிறார். அவர் கொல்வதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, காதலிக்கும் பெண்ணான ஸ்ருதி உறைந்துபோகிறாள். படத்தில் எழும் ஒரே உண்மையான நெறிக் கேள்வி அவளுடைய அந்தத் தயக்கம்தான்: இப்படிப்பட்ட ஒருவனோடு வாழ முடியுமா? இந்தக் கேள்விக்குப் படம் விடை தேடவில்லை. தமிழின் உண்மைப் பெயர் சத்தியமூர்த்தி, அவர் போலீஸ் அதிகாரி என்று தெரிந்ததும் கேள்வியே இல்லாமல் போகிறது. செத்தவர்கள் செத்தவர்களாகவே இருக்கிறார்கள், கொன்ற கையும் அதே கைதான், மாறியது பதவி மட்டுமே. எந்த உத்தரவின் பேரில் கொன்றார், யாருக்குக் கணக்கு ஒப்புவித்தார், எந்த நீதிமன்றம் அதை ஏற்கும் என்று ஒரு வசனம்கூட இல்லை. பார்வையாளர் கேட்பதும் இல்லை. கேட்கத் தோன்றாத வேகத்தில் நகர்வது இயக்குநரின் திறமை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘குருதிப்புனல்’ வந்தது 1995 தீபாவளிக்கு, ரஜினிகாந்தின் ‘முத்து’வோடு. கோவிந்த் நிஹலானி 1994இல் இந்தியில் எடுத்த ‘துரோஹ்கால்’ படத்தின் தமிழ் வடிவம் இது. கமல்ஹாசன் எழுத, பி.சி. ஸ்ரீராம் இயக்கினார். பாட்டு கிடையாது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போன படம். ஆதிநாராயணன் (கமல்), அப்பாஸ் (அர்ஜுன்) என்ற இரண்டு போலீஸ் அதிகாரிகள், பத்ரி (நாசர்) என்பவன் தலைமையிலான ஆயுதக் கூட்டத்துக்குள் தங்கள் ஆட்கள் இருவரை அனுப்புகிறார்கள். ஒருவர் மாட்டிக்கொண்டு உயிர்விடுகிறார், இன்னொருவர் உள்ளேயே தொடர்கிறார். வழக்கமான படமாக இருந்திருந்தால் கேமரா அந்த இன்னொருவரோடு காட்டுக்குள் போயிருக்கும். இங்கே அது அனுப்பியவர்களின் வீட்டு வரவேற்பறையில் தங்கிவிடுகிறது. வேடமிட்டுப் போனவன் என்ன ஆவான் என்று கேட்காமல், அனுப்பிவைத்தவன் என்ன ஆவான் என்று கேட்டதுதான் இந்தப் படத்தை இந்த வகையின் மற்ற படங்களிலிருந்து பிரித்து நிறுத்துகிறது.

விசாரணை அறைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பிடிபட்ட பத்ரி உட்கார்ந்திருக்கிறான். கேள்வி கேட்க வேண்டியவர் ஆதி. அடி, மிரட்டல் எல்லாம் நடக்கிறது. ஆனால் பேச்சு வளர வளர யார் யாரை விசாரிக்கிறார் என்பது தலைகீழாகிறது. எந்த மனிதனுக்கும் உடையும் இடம் ஒன்று உண்டு என்பது போலீஸின் நம்பிக்கை. அந்த இடத்தைத் தொட்டால் கைதி பேசிவிடுவான். பத்ரி அதே அளவுகோலை எடுத்து ஆதி மீது வைக்கிறான். ஆதிக்கு அந்த இடம் குடும்பம். அதைத் தொட்டதும் ஆதி உடைகிறார்; பத்ரி தப்ப வழிவிடுகிறார்; அவனுக்குத் தகவல் கொடுக்கும் ஆளாகவும் ஆகிறார். ஸ்ரீராமின் கேமராவில் இரண்டு முகங்களும் ஒரே அளவில், ஒரே மங்கிய வெளிச்சத்தில் நிற்கின்றன. நாசர் குரலை உயர்த்தாமலே நடித்துக்கொண்டு போகிறார். (பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாசர் ‘போக்கிரி’யில் நாயகனின் தந்தையாக, மகன் போலீஸ் என்ற உண்மை வெளிப்படும் இடத்தில் சாகிறார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு விசித்திரமான அனுபவம்.) ஆதி இப்போது இரண்டு வேலை செய்கிறார். எதிரியின் வீட்டில் தன் ஆளை வைத்திருக்கிறார். தன் துறையில் எதிரியின் ஆளாகவும் இருக்கிறார். கே. விஸ்வநாத் நடித்த மேலதிகாரியும் ஏற்கெனவே இப்படி உடைந்தவர்தான் என்று தெரியவரும்போது, இது ஒரு தனிமனிதனின் பலவீனம் என்று ஒதுக்கிவிடவும் வழியில்லாமல் போகிறது. உளவு என்பது இருபக்கமும் திறக்கும் கதவு.

இந்தப் படத்தில் ‘நான் போலீஸ்’ என்று அறிவிக்கும் காட்சி வரவே முடியாது. அறிவித்தால் உள்ளே இருக்கும் ஆள் செத்துப்போவார். ஆதி கடைசியில் பத்ரியைக் கொன்று தானும் சாகிறார். கூட்டத்துக்குள் இருக்கிறவரின் வேடம் கலையாமல் தொடர்கிறது. அதாவது பெயர் மறைந்தே இருக்கிறது, செயலுக்கான விலையும் கட்டப்படுகிறது. திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலில் வள்ளுவர் சொல்லும் இரண்டு விஷயங்கள் இங்கே பொருந்தி வருகின்றன. ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது ஒன்று. ஒற்றருக்குப் பலரறியச் சிறப்புச் செய்யக்கூடாது, செய்தால் அரசனே தன் இரகசியத்தை வெளியிட்டதாகும் என்பது மற்றொன்று. அதிகாரமே அதோடுதான் முடிகிறது. இந்த அதிகாரம் ஒற்றரின் வீரத்தைப் பாடவில்லை. ஆள்பவனின் கடமைகளைச் சொல்லும் வரிசையில் இருக்கிறது, பொறுப்பு அனுப்பியவனுடையது. நம் சினிமாவின் உச்சக்காட்சியோ கடைசியாகச் சொன்ன எச்சரிக்கையை மீறுவதற்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது.

இனி சட்டம். கூட்டத்துக்குள் புகுந்த போலீஸ்காரரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, ‘இவனைச் சுடு, இல்லையென்றால் உன்னைச் சுடுவேன்’ என்று தலைவன் சோதிக்கும் காட்சி உலகம் முழுக்க இந்த வகைப் படங்களில் உண்டு. இந்தியாவில் அவர் சுட்டுவிட்டால் என்ன ஆகும்? 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 94ஆவது பிரிவு இதைப் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 32ஆவது பிரிவு. அந்த இடத்திலேயே உயிர் போய்விடும் என்ற அச்சத்தில் ஒருவர் செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது அது. ஆனால் தொடக்கத்திலேயே இரண்டு விலக்குகள்: கொலை, மரண தண்டனைக்குரிய அரசுவிரோதக் குற்றங்கள். எத்தனை மிரட்டல் இருந்தாலும் இன்னொருவரைக் கொல்ல இந்தப் பிரிவு அனுமதி தராது. அதோடு நிற்கவில்லை. தானே விரும்பி அந்த நிலைமைக்குள் போனவருக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது என்று ஒரு நிபந்தனையும் இருக்கிறது. விளக்கத்துக்குத் தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டுகள் ஏதோ சினிமாக் கதை போலவே இருக்கின்றன. கொள்ளைக் கூட்டத்தின் குணம் தெரிந்தே அதில் சேர்ந்தவர், பிறகு அவர்கள் கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. கொள்ளையர்கள் தூக்கிக்கொண்டு போன ஒரு கொல்லர், உயிருக்குப் பயந்து தன் கருவிகளால் வீட்டுக் கதவை உடைத்துக் கொடுத்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வேடமிட்ட போலீஸ்காரர் இந்த இருவரில் யார்? அவர் தானாகப் போகவில்லை, துறை அனுப்பியது என்று வாதாடலாம். அந்த வாதம் வென்றாலும் கொலைக்கான விலக்கு அப்படியே நிற்கிறது. ‘போக்கிரி’யின் சத்தியமூர்த்தி நீதிமன்றக் கூண்டில் ஏறினால் அவரும் ஒரு கொலைக்குற்றவாளியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

மேலதிகாரி சொன்னார் என்ற சமாதானமும் எடுபடாது. கேரளத்துக்கு இது நன்றாகவே தெரியும். 1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் மோதலில் இறந்ததாகப் போலீஸ் சொன்னது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், பிடிபட்டு நின்ற அவரை உயரதிகாரிகளின் உத்தரவால் தானே சுட்டதாக ஒரு காவலர் வெளிப்படையாகச் சொன்னார். சி.பி.ஐ. விசாரித்தது, 2010இல் ஓய்வுபெற்ற ஐ.ஜி. ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் காவலரின் குற்ற உணர்வை வைத்து மதுபால் 2008இல் ‘தலப்பாவு’ என்ற மலையாளப் படத்தை எடுத்தார். 2011இல் மும்பை போலீஸ்காரர்கள் சிலர் தொடர்பான பிரகாஷ் கதம் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலி மோதலில் கொன்றுவிட்டு மேலதிகாரியின் உத்தரவு என்று சொல்லித் தப்ப முடியாது என்று நியூரம்பர்க் விசாரணையைச் சுட்டிக்காட்டிச் சொன்னது. தனியாரிடம் கூலி பெற்று ஆளைக் கொன்றதாக அந்தப் போலீஸ்காரர்கள் மீது குற்றச்சாட்டு. சட்டம் மறைத்துத் தருவது வேறொன்றை. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 1872இன் சாட்சியச் சட்டம் 125ஆவது பிரிவில் சொன்னது. அந்தப் பாதுகாப்பு தகவல் தந்தவரின் பெயருக்குத்தான், செயலுக்கு அல்ல.

கொச்சியைக் களமாகக் கொண்ட மலையாளப் படங்கள் இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கின்றன. ரஞ்சித் 2004இல் எடுத்த ‘பிளாக்’ படத்தில் மம்மூட்டியின் பெயர் காரிக்காமுறி சண்முகம். காரிக்காமுறி எர்ணாகுளம் நகரின் ஒரு பகுதி. இவர் ரவுடி வேடமிட்ட போலீஸ் அல்ல; போலீஸ் வேலையில் இருந்துகொண்டே ஒரு வக்கீல்-தாதாவுக்குக் கூலிக்கு அடிப்பவர். சீருடையே இங்கே வேடம். ரோஷன் ஆண்ட்ரூஸின் ‘மும்பை போலீஸ்’ (2013) பெயரில் மும்பை இருந்தாலும் கதை கொச்சியில் நடக்கிறது. நண்பனின் கொலையைத் துப்பறியும் அதிகாரி நினைவிழந்தவர். துப்பு கடைசியில் அவரிடமே வந்து நிற்கிறது. தமிழில் ‘நான் போலீஸ்’ என்பது பாவம் போக்கும் வாக்கியம். இந்த இரண்டு படங்களிலும் சந்தேகம் தொடங்கும் இடமே அதுதான். இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மலையாள சினிமாவுக்குக் கொட்டேஷன் கும்பல் (கூலிக்கு அடிக்கும் கூட்டம்) தேவைப்படும்போதெல்லாம் கேமரா மட்டாஞ்சேரிச் சந்துக்கோ ஃபோர்ட் கொச்சிக்கோ ஓடிவிடுகிறது. ரவுடி என்றாலே தங்கள் தெருதானா என்று அந்த ஊர்க்காரர்கள் கோபப்பட்டால் தப்பில்லை.

திரைக்கு வெளியே நடந்தது இன்னும் நெருக்கமானது. கொச்சியை அடுத்து, பெரியாற்றில் தீவாகக் கிடக்கும் ஏலூருக்கு அக்கரையில் இருக்கிறது வராப்புழா. 2018 ஏப்ரல் 6 இரவு அங்கே ஒரு வீட்டுக்கு மஃப்டியில் வந்தவர்கள் ஓர் இளைஞரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் எர்ணாகுளம் ரூரல் போலீஸின் ‘ரூரல் டைகர் ஃபோர்ஸ்’ என்ற தனிப்படையினர். ஏப்ரல் 9 அன்று அந்த இளைஞர் மருத்துவமனையில் இறந்தார். காவலில் அடித்ததால் இறந்தார், பிடித்ததே தவறான ஆளை என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன, அந்தப் படையினர் மூவர் கைதானார்கள், படை கலைக்கப்பட்டது. மஃப்டியில் போவதும் கூட்டத்துக்குள் ஊடுருவுவதும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் இரண்டிலும் பொதுவான ஒன்று இருக்கிறது: எதிரே நிற்பவர் யார் என்று பிடிபடுகிறவருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றம் 1996இல் டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும் போலீஸார் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது சேர்ந்தது. வேடத்துக்குச் சட்டம் எல்லை போடுகிறது. துப்புத் துலக்கும்போது மறைந்திருக்கலாம்; ஒருவர் மேல் கை வைக்கும் நொடியில் முகமும் பெயரும் வெளியே வந்தாக வேண்டும். சினிமாவில் எல்லாரையும் அடித்து முடித்த பிறகுதான் அடையாள அட்டை வெளியே வரும்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. படம் படம்தான், அதைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிடுவது என்ன நியாயம் என்பது ஒன்று. பறந்து அடிப்பதை நம்பாத ரசிகர், வேடம் கலையும் காட்சியை மட்டும் நம்பிவிடுவாரா? நம்புகிறாரா என்பதல்ல இங்கே கேள்வி. பறந்து அடிப்பது கற்பனை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் போலீஸ் செய்தால் கொலை வேறு கணக்கு என்பது கற்பனையாகத் தோன்றுவதில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, அந்த இடத்திலேயே கூட்டம் கூடி போலீஸார் மீது பூத் தூவியது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல என்று கண்டு, போலீஸார் பத்துப் பேர் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது 2022இல். பூ தூவியவர்களைச் சினிமா அனுப்பிவைத்தது என்று நிறுவ முடியாது, நிறுவவும் தேவையில்லை. திரையரங்கில் விசிலடிக்கும் மனநிலையும் அந்த இடத்தில் பூத் தூவிய மனநிலையும் ஒரே சமூகத்தில், ஒரே காரணத்துக்காக வாழ்கின்றன என்பது போதும்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. ஊடுருவாமல் பிடிக்க முடியாத குற்றங்கள் இருக்கின்றன. வீரப்பனைப் பல்லாண்டுகள் காட்டில் தேடியும் பிடிக்க முடியவில்லை. 2004 அக்டோபர் 18 இரவு தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அவர் இறந்தபோது அவர் வந்த ஆம்புலன்ஸை ஓட்டியவரே தமிழகச் சிறப்பு அதிரடிப்படையின் ஆள். கண் சிகிச்சைக்கு அழைத்துப் போவதாக நம்பவைத்து வெளியே கொண்டுவந்தார்கள். வண்டி நின்றதும் வேடமிட்டவர்கள் இறங்கி ஓட, காத்திருந்த படை சுட்டது. உயிரோடு பிடித்திருக்கலாமே என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. அதிரடிப்படையினருக்குப் பரிசும் பதவி உயர்வும் அறிவிக்கப்பட்டன, உள்ளே போனவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன, ‘வனயுத்தம்’ (2013), ‘கில்லிங் வீரப்பன்’ (2016) என்று படங்களும் வந்தன. வள்ளுவர் வேண்டாம் என்றதையெல்லாம் நாம் செய்தோம். ஊடுருவலே கூடாது என்பது என் வாதமல்ல. நீதிமன்றங்களும் அப்படிச் சொன்னதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50ஏ பிரிவு, சரக்கை உடனே பிடிக்காமல் கண்காணித்தபடியே போகவிட்டு, பின்னால் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க அதிகாரிகளுக்கு அனுமதி தருகிறது. லஞ்ச வழக்குகளில் ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்துப் பிடிப்பது அன்றாட நடைமுறை. ஆனால் அங்கேயும் 1956இல் ராம்ஜனம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரைத் தூண்டில் போட்டுக் குற்றத்துக்குள் இழுக்கக்கூடாது என்று எச்சரித்தது. 1958இல் பசாவன் சிங் வழக்கில், பொறி வைத்தவர்களின் சாட்சியத்தைத் தன்னலமுள்ள சாட்சியத்தைப் போலவே எச்சரிக்கையோடு எடைபோட வேண்டும் என்றது. ஓர் ஒற்றரை இன்னோர் ஒற்றரால் சரிபார்க்கச் சொன்ன குறளுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. தேவை இருக்கிறது என்பதே கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கான காரணம்.

மூன்றாவது எதிர்ப்பு ‘குருதிப்புனல்’ மீதே வருகிறது. ஆதியும் கடைசியில் தியாகியாகச் சாகிறாரே, அதுவும் மன்னிப்புத்தானே? இதில் பாதி உண்மை. அந்தச் சாவில் ஒரு நாயகனின் பெருமிதம் ஒட்டியிருக்கிறது, கமல்ஹாசன் தனக்குக் கொஞ்சம் சலுகை எடுத்துக்கொண்டிருக்கிறார். பத்ரியின் அரசியல் என்ன, அவன் கூட்டம் எதற்காக ஆயுதம் எடுத்தது என்பதையும் படம் கேட்பதில்லை. நிஹலானியின் மூலத்திலிருந்தே வந்த குறை அது. காவலில் நடக்கும் சித்திரவதையைப் படம் வேண்டிய அளவுக்குக் கேள்வி கேட்கவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் அந்தச் சாவு எதையும் அழிப்பதில்லை. ஆதி கசியவிட்ட தகவலால் போன உயிர்கள் போனவைதான். அப்பாஸ் திரும்பி வரவில்லை. ஆதி செய்தது துரோகம் என்பதைப் படம் ஓர் இடத்திலும் மறுக்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று நம்மை வீட்டுக்கு அனுப்பாததுதான் முக்கியம்.

வெளிநாட்டில் இந்தக் கணக்கைப் பொதுவெளியில் போட்ட நாடு பிரிட்டன். லண்டன் போலீஸின் ஒரு சிறப்புப் பிரிவு 1968 முதல் 2008 வரை அரசியல் இயக்கங்களுக்குள் ஆட்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் திருடி அவர்கள் புது அடையாளம் எடுத்துக்கொண்டார்கள். போராட்டக்காரப் பெண்களோடு பொய்ப் பெயரில் குடும்பம் நடத்தினார்கள். குழந்தை பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. 2015இல் லண்டன் போலீஸ் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது, அரசு பொது விசாரணை தொடங்கியது. அவர்கள் ஊடுருவியது தாதாக்களின் கூட்டத்துக்குள் அல்ல. சுற்றுச்சூழல் இயக்கங்கள், இனவெறி எதிர்ப்புக் குழுக்கள். ஏலூரில் பெரியாற்றின் ரசாயன மாசை எதிர்த்துப் பல்லாண்டுகளாகப் போராடிவரும் மக்களைப் போன்றவர்கள்தான் அங்கே ‘இலக்கு’. ஊடுருவலுக்குப் போகும் ஆளைச் சினிமா எப்போதும் கடத்தல்காரனிடமே அனுப்புவதால் இந்தப் பக்கம் நம் கண்ணில் படுவதே இல்லை. ஹாங்காங்கின் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ (2002) இன்னொரு பயத்தைக் காட்டியது. ஊடுருவிய போலீஸ்காரர் யார் என்பது ஒரே ஓர் அதிகாரிக்குத்தான் தெரியும். அந்த அதிகாரி செத்ததும் இவர் போலீஸ் என்பதற்கு ஒரு கணினிக் கோப்பைத் தவிர ஆதாரம் இல்லை. அந்தப் படத்தைச் சீன நிலப்பரப்பில் வெளியிட, போலீஸுக்குள் இருந்த உளவாளி கைதாவது போல வேறு முடிவு எடுக்கப்பட்டது. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லும் முடிவு அரசுகளுக்கும் பிடிக்கும்.

ஜெர்மனி 1992இலேயே தன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஊடுருவும் அதிகாரிக்கென்று தனிப் பிரிவுகளைச் சேர்த்தது. அரசு வழக்கறிஞரின் இசைவு வேண்டும். குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்தால் நீதிமன்றத்தின் இசைவும் வேண்டும். பிரிட்டன் 2021இல் கொண்டுவந்த சட்டம் உளவாளிகள் குற்றம் செய்யவே அனுமதி தரலாம் என்றது. கொலையும் சித்திரவதையும் கூடாது என்று வெளிப்படையாக எழுதாததற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. ஆக, சட்டம் எழுதிவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்றில்லை. ஆனால் எழுதினால்தான் விமர்சிக்க ஏதாவது இருக்கும். நாடுகடந்த கூட்டுக் குற்றங்களுக்கு எதிரான 2000இன் ஐ.நா. பாலெர்மோ உடன்படிக்கை 20ஆவது பிரிவில் ஊடுருவல் நடவடிக்கைகளைப் பற்றிப் பேசுகிறது. இந்தியா அதை 2011இல் ஏற்றது. அதன் பிறகு நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றி எழுதும் வாய்ப்பே வந்தது. 2024 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 531 பிரிவுகள் இருக்கின்றன. குற்றவாளிக் கூட்டத்துக்குள் போலீஸ்காரரை அனுப்ப யார் அனுமதி தர வேண்டும், உள்ளே போனவர் எதுவரை போகலாம், திரும்பி வந்ததும் யாரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அவற்றில் ஒன்றுகூட இல்லை.